முதல் கிளாஸுக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிடுங்கள்



நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், பேரளம், பொறையாறு, தரங்கம்பாடி, மயிலாடுதுறை என்று சுற்றுவட்டாரம் முழுவதிலுமிருந்து காரைக்காலுக்கு பைக்கில் வந்து குடித்துவிட்டு, அதே பைக்கில் இரவோடு இரவாக வீடு திரும்பும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களோடு உட்கார்ந்து எழும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துகிறார்கள், கல்லூரியில் உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த ஊர்வலத்தில் போகிறவர்களில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டும் வயதுகூட வரவில்லை. கேட்கவேண்டியவர்கள் நீங்கள். உங்களிடம் நேராகப் பேச யாரும் முன்வருவதில்லை. வந்தாலும் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் திட்ட வரவில்லை. குடியை விடுங்கள் என்றும் இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவும் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் இன்று உங்களிடம் கேட்க வந்தது வண்டியைப் பற்றி மட்டும். காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில், நாகூர் போகும் சாலையோரமாக என் வீடு. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் பிள்ளைகளை வாசலில் விளையாட விடுவதில்லை. எதிர்க்கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிவரக்கூடப் பெரியவர்கள்தான் போகிறோம். அந்தப் பயத்துக்குக் காரணம் நீங்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. டாஸ்மாக்கில் கொடுக்கிற காசுக்கு இங்கே கூடுதலாகக் கிடைக்கிறது. காரைக்கால் சேர்ந்திருக்கிற புதுச்சேரியில் வரி குறைவு, கடைகள் பெரும்பாலும் தனியார் கையில், வகைகள் அதிகம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகவேண்டும், இங்கே 18 போதும். மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள், கிழக்கே கடல், நடுவில் இந்தச் சின்ன ஊர். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பரில் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் இங்கே கடைகள் மூடவில்லை. சுற்றிலும் இருந்த தஞ்சை மாவட்டத்தில் சொட்டுக்கூட விற்கக்கூடாது என்றிருந்த காலத்தில் உங்கள் தாத்தாக்கள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். நடந்து வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், மாட்டுவண்டியில் வந்தார்கள். திரும்பும்போது விழுந்தால் வரப்பில் விழுந்தார்கள், காலையில் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். உங்கள் கையில் இருப்பது 150 சிசி, 200 சிசி வண்டி. தாத்தா செய்ததைத்தான் செய்கிறோம் என்று நீங்கள் சொல்ல முடியாது.

எல்லையிலே ஒரு விஷயம் நடக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. வாஞ்சூரிலும் அம்பகரத்தூரிலும் பூவத்திலும் எல்லையைக் கடக்கிற வண்டிகளை நிறுத்திப் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பாட்டில் கடத்துகிறீர்களா என்பதுதான் அவர்கள் கவலை. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஊதச் சொல்லிப் பார்ப்பது அபூர்வம். இதனால் என்ன ஆகிறது? மிச்சம் வைத்துக்கொண்டு போனால் மாட்டுவோம், முடித்துவிட்டே போய்விடலாம் என்று கடைசி அரைக் குவார்ட்டரையும் அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள். மெதுவாகக் குடித்திருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது. வண்டியில் ஏறும்போது அந்தக் கடைசி கிளாஸ் இன்னும் முழுசாக ரத்தத்தில் கலந்திருக்காது. கடையில் நின்றபோது இருந்த நிதானத்தை நம்பி வண்டியை எடுக்கிறீர்கள். அரை மணி நேரம் கழித்து, நாகூரைத் தாண்டும்போதோ தரங்கம்பாடியை நெருங்கும்போதோ, நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ விஸ்கியோ, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அந்தப் பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 60 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதை முழுசாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கிற அளவு 30. ஒரே குவார்ட்டரில் ஐந்து மடங்கு. அதே 100 மில்லி கணக்கில் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் போலத்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்கு முடித்தவர் சட்டத்தின் அளவுக்குள் வர விடிகாலை ஐந்து மணி ஆகிவிடும். ஆஃப் பாட்டில் அடித்தவர் மறுநாள் காலை வேலைக்குப் போகும்போதுகூட போதையில்தான் வண்டி ஓட்டுகிறார். ஒரு பீர்தானே என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 650 மில்லி சாதா பீரே சட்டம் சொல்லும் அளவைப்போல இரண்டு மடங்குக்குக் கொண்டுபோய்விடும். ஸ்ட்ராங் பீர் மூன்று மடங்கு.

எலுமிச்சைச் சாறு, மோர், டீ, தலையில் தண்ணீர், வாந்தி எடுத்துவிட்டு ஒரு பரோட்டா. இதில் எதுவும் ரத்தத்தில் ஏறிவிட்டதை இறக்காது. முன்கூட்டியே சாப்பிட்டால் ஏறும் வேகம் குறையும், ஏறிய பிறகு சாப்பிட்டுப் பலனில்லை. டீ தூக்கத்தைத்தான் கலைக்கும். தூக்கம் கலைந்த போதைக்காரர் தெளிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறார்.

‘நான் ஸ்டெடியா இருக்கேன்’ என்று நீங்கள் சொல்லும்போது பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். சரக்கு முதலில் கை வைப்பது, தான் எப்படி இருக்கிறோம் என்று எடைபோடுகிற புத்தியில்தான். நடை தள்ளாடுவது அதற்கு வெகுநேரம் பிறகு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் பதினேழு மீட்டர் கடந்துவிடுகிறது. பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி தாமதமானால் நான்கைந்து வீட்டு வாசல்களைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்த வாசல்களில் ஒன்று என்னுடையது.

எங்கள் ஊர்ச் சாலையில் இரவில் யார் யார் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் கடந்து கடைசியில்தான் இங்கே எட்டிப்பார்க்கும், பல சமயம் நடுராத்திரியில். முறைத் தண்ணீரை விட்டால் போச்சு என்று மண்வெட்டியும் டார்ச்சுமாக வயதானவர்கள் வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல் கிடக்கும், பக்கத்திலேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு காவலுக்கு ஆள் படுத்திருக்கும். அது சரியா தவறா என்பது வேறு பேச்சு, படுத்திருப்பது உயிருள்ள மனிதர். இரவு மூன்று மணிக்கெல்லாம் அரசலாறு முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் பெண்கள் கூடையோடு கிளம்புவார்கள். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறி செப்டம்பர் 8 வரை திருவிழா. அதையொட்டி இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திக்கொண்டு, மாதாவின் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சாரிசாரியாக நடப்பார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் இரவில்தான் நடப்பார்கள். இவர்கள் யாரும் குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை, ஓரமாகத்தான் போகிறார்கள். உங்கள் வண்டி எங்கே வரும் என்று அவர்களால் கணிக்க முடியாது. ஏனென்றால் உங்களாலேயே கணிக்க முடியாது.

எங்கள் தெருவைத் தாண்டி ஒரு மதகு இருக்கிறது. சாலை அங்கே லேசாக வளையும். பகலில் வளைவு என்றே தோன்றாது. ஒரு ராத்திரி சத்தம் கேட்டு ஓடினோம். வண்டி மதகுச் சுவரில் மோதி வாய்க்காலுக்குள் கிடந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பையன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். இருபது வயதுக்கு மேல் இருக்காது. ‘ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே’ என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி வண்டியிலேயேதான் இருந்தது. அவனுடைய வலது மணிக்கட்டு கழன்று தொங்கியது, அந்தக் கையாலேயே சட்டைப் பையைத் தடவினான். வலி தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவன் தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர். குடிக்காத ஒருவன் அந்த ஆழத்தில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நாங்கள் நாலு பேர் இறங்கித் தூக்கி, 108-க்குச் சொல்லி, வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓட்டியவன் அப்போதும் ‘அவன் தூங்குறான்ணே’ என்றுதான் சொன்னான்.

‘தூங்குகிறான்’ என்ற இந்த எண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் மோதிய வேகத்தில் தப்பியவர்களையும் அது கொன்றுவிடுகிறது. தலையில் அடிபட்டவர் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து மெல்ல மெல்ல நினைவிழப்பார். பேச்சு குழறும், வாந்தி வரும், கண் சொருகும். போதையிலும் இதேதான் நடக்கும். அதனால் கூட வந்தவர்கள் ‘மப்புல இருக்கான், விடு, காலையில சரியாயிடும்’ என்று வீட்டுத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் அவர் எழுந்திருப்பதில்லை. குடித்தவர் தலை தரையில் மோதியிருந்தால், எழுந்து நடந்தாலும், பேசினாலும், சிரித்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கொண்டுபோகிறவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

காரைக்கால் அரசு மருத்துவமனையில் முதலுதவி நடக்கும். தலைக்காயம் பெரிதாக இருந்தால் திருவாரூர், தஞ்சாவூர் என்று அனுப்புவார்கள், இல்லையென்றால் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்கு. ஒவ்வொரு கிலோமீட்டரும் மூளைக்குள் இருக்கிற ரத்தத்தோடு போகிற பயணம். வயிறு நிறையச் சரக்கும் பரோட்டாவுமாக வருகிறவருக்கு மயக்க மருந்து கொடுப்பதே டாக்டர்களுக்குப் பெரும் சிரமம்.

இனி சட்டம். பத்தாயிரம் அபராதம் என்று மட்டும்தான் உங்களில் பலருக்குத் தெரியும். 185-ம் பிரிவில் முதல் தடவைக்கே ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. இரண்டாம் தடவை இரண்டு ஆண்டுவரை சிறை, பதினைந்தாயிரம் அபராதம். ஓட்டினால் மட்டுமல்ல, ஓட்ட முயன்றாலே குற்றம். 188-ம் பிரிவை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குடித்தவரை வண்டியெடுக்கத் தூண்டுகிறவருக்கும் அதே தண்டனை. ‘நீ ஓட்டுடா, உன்னால முடியும்’ என்று பின்னால் ஏறி உட்காருகிறவர் தன்னை வெறும் பயணி என்று நினைத்துக்கொள்ளவேண்டாம். யாராவது இறந்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தேதான் ஓட்டினார் என்று நீதிமன்றம் கருதினால் அது 105-க்குப் போகும், அங்கே பத்து ஆண்டுவரை. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் பிளாட்பாரத்தில் தூங்கிய கூலித் தொழிலாளிகள்மேல் காரை ஏற்றி ஏழு பேரைக் கொன்ற இளைஞனை அப்படித்தான் கருதினார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூன்று ஆண்டு சிறை. என்னைக் கேட்டால் ஏழு உயிருக்கு அது மிகக் குறைவு.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். குடித்திருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கும் உங்கள் உயிருக்கும் சேர்ந்த பகுதி கிடைக்காது. ஊதிப் பார்த்த சான்று இல்லாவிட்டாலும் சூழ்நிலையை வைத்தே கம்பெனி மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. வண்டி யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பேரில். அவர் பேரில் ஓட்டுவீடு ஒன்றும் இருக்கும். இன்னொன்று, இந்தக் கடற்கரையில் எந்த வீட்டில் விசாரித்தாலும் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ பிரான்சிலோ இருப்பார், அடுத்தவர் போவதற்குக் காத்திருப்பார். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் நற்சான்று எங்கேயிருந்து வரும்?

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இதில் குடியால் நேர்ந்தவை என்று அரசு ஏட்டில் இருப்பது மிகச் சிறிய பங்கு. அதைக் காட்டிக் குடிப்பழக்கத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பங்கு சிறிதாகத் தெரியக் காரணம், பல இடங்களில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு போய்விடுமே என்று ஊரே சேர்ந்து மறைப்பதும் உண்டு. அந்த இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘அதிவேகம்’ என்று எழுதப்பட்ட எத்தனையோ சாவுகளுக்குப் பின்னால் ஒரு பிராந்திக்கடை இருக்கிறது என்பது இந்தச் சாலையோரத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கடைகளை மூடச் சொல்லாமல் எங்களைக் கேட்கிறீர்களே என்பது உங்கள் தரப்பில் நியாயமான கேள்வி. கடைகளைப் பற்றியும் கேட்டாகிவிட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலு நடத்திய வழக்கில் 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடையே கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் பொருந்திய தீர்ப்பு அது. 2017-ல் சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தார்கள், பிறகு நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு அது பொருந்தாது என்றார்கள். சில மாநிலங்கள் நெடுஞ்சாலையின் பெயரையே மாற்றிக் கடைகளைக் காப்பாற்றின. கலால் வருமானத்தில் ஓடுகிற அரசுகளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? புதுச்சேரி அரசு எல்லையில் ஊதிப் பார்க்கும் கருவியோடு ஒரு காவலரைத் தினமும் நிறுத்தவேண்டும், பார் நடத்துகிறவர்கள் குடித்தவர் வண்டியை ராத்திரி வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கவேண்டும். இவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். அதெல்லாம் நடக்கும்வரை நீங்கள் இந்தச் சனிக்கிழமை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் எங்கள் உயிர்ப் பிரச்சினை.

அதனால் கேட்கிறேன். உட்காருவதற்கு முன்பே, முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, வண்டிச் சாவி கைமாறிவிடவேண்டும். குடித்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், அப்போது முடிவு செய்ய ஆள் இருக்காது. உங்கள் கூட்டத்தில் குடிக்காதவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேலி செய்யாதீர்கள், அவரிடம் சாவியைக் கொடுங்கள். காலையில்தான் தருவேன் என்று அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள். ஒரு வண்டியில் மூன்று பேரை ஏற்றாதீர்கள், அவரே ஓட்டினாலும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் காரைக்காலிலிருந்து பஸ் போகிறது. பஸ்ஸை விட்டுவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஆட்டோ பிடியுங்கள். விலை குறைவென்று வந்தீர்களே, மிச்சம் பிடித்த காசு அதற்குப் போதும்.

குடிக்காத அந்த நண்பருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் சும்மா சிரித்துக்கொண்டு மிக்சர் கொறித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் பின்சீட்டில் ஏறிவிடுகிறீர்கள். நட்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். சாவியைப் பிடுங்குங்கள். அவர் நாளைக்குத் திட்டட்டும். திட்டுவதற்கு அவர் இருக்கவேண்டும்.

எங்கள் ஊருக்கு வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திருநள்ளாற்றுக்கு வாருங்கள், மாங்கனித் திருவிழாவுக்கு வாருங்கள், கடற்கரையில் காற்று வாங்க வாருங்கள், குடிக்கத்தான் வருவீர்கள் என்றால் அதற்கும் வாருங்கள். குடிக்க வருகிற அன்று மட்டும் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வாருங்கள். இந்தச் சனிக்கிழமையிலிருந்தே.

உங்கள் நலம் நாடும்,
திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு அண்ணன்